இயந்திரம் முனகுவது கேட்கிறதா?

மாணவர்களே, ஒரு மெல்லிய மூங்கில் கழியை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். அது உடனே முறிந்துவிடாது. முதலில் 'சட்' என்று ஒரு சிறு ஓசை வரும். இன்னும் கொஞ்சம் வளைத்தால் 'சடசட'வென்று கேட்கும். அதற்குப் பிறகுதான் 'படீர்' என்று முறியும். முறியப்போகிறேன் என்று மூங்கில் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

உலோகமும் இப்படித்தான். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். இதற்கு 'வெள்ளீயத்தின் அழுகை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பி வளையும்போது அதன் உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று வரிசை மாறுகின்றன. அந்த மாற்றத்தின் ஓசைதான் அது. ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக வெள்ளீயம் தோண்டி எடுத்த நாடு நம் மலாயா. கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்களில் வேலை செய்த தாத்தா பாட்டிகள் உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். அவர்கள் தோண்டிய உலோகத்துக்கு இப்படி ஒரு குரல் உண்டு.

இரும்பும் எஃகும் அழுவதில்லையா? அவையும் அழுகின்றன. ஆனால், அந்த அழுகை நம் காதுக்கு எட்டுவதில்லை. அதைக் கேட்பதற்கென்றே ஓர் உணரி உண்டு. ஆலைகளில் அதை இயந்திரங்களின் மேல் பொருத்துகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பொருத்தினால் ஒழுங்காகக் கேட்கும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

காதுக்கு எட்டாத ஓசை

மனிதக் காதுக்குக் கேட்பது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே. எஃகுக்குள் நுண்ணிய விரிசல் ஒன்று சற்றே நீளும்போதோ, எண்ணெய் வற்றிய இரண்டு பரப்புகள் உரசும்போதோ, அந்த இடத்தில் தேங்கியிருந்த ஆற்றல் சட்டென்று விடுபடுகிறது. அது உலோகத்தின் வழியே அலையாகப் பரவுகிறது. குளத்தில் கல் விழுந்தால் வட்டவட்டமாக அலை பரவுமே, அதைப் போல. இந்த நிகழ்வை 'ஒலி உமிழ்வு' என்கிறோம். ஆலைகளில் அளக்கப்படும் ஒலி உமிழ்வு பெரும்பாலும் 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதாவது, நாம் கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண்ணைப் போல் 5 மடங்கு முதல் 50 மடங்கு வரை.

1950-இல் ஜெர்மனியின் மூனிக் நகரில் யோசப் கைசர் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை முறையாக ஆராய்ந்தார். அவர் கண்டறிந்த ஓர் உண்மை வியப்பானது. ஓர் உலோகத் துண்டை இழுத்தால் அது ஒலி உமிழ்கிறது. இழுவிசையை விட்டுவிட்டு மீண்டும் இழுத்தால், முன்பு கொடுத்த அதே விசையை எட்டும் வரை அது ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் மீண்டும் ஒலி எழுப்புகிறது. தான் ஏற்கெனவே தாங்கிய சுமையை உலோகம் 'நினைவில்' வைத்திருப்பதுபோல் இல்லையா? இதற்குக் கைசர் விளைவு என்று பெயர்.

இந்த ஓசையைக் கேட்கும் உணரியின் உள்ளே ஒரு சிறு பீங்கான் வில்லை இருக்கிறது. அதை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். வீட்டில் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகும்போது 'டக்' என்று தீப்பொறி வருகிறதே, பல அடுப்புகளில் அதே தத்துவம்தான் அங்கும் வேலை செய்கிறது. 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் படிகக்கல் போன்ற கனிமங்களில் இந்த அழுத்தமின் விளைவைக் கண்டறிந்தார்கள். இன்றைய உணரிகளில் பெரும்பாலும் காரீயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளால் ஆன பீங்கானைப் பயன்படுத்துகிறார்கள். உலோகத்தின் வழியே வரும் அலை இந்த வில்லையை மெல்லத் தட்டினாலே போதும், ஒரு நுண்ணிய மின்சைகை வெளிவரும்.

செம்பனை ஆலையில் ஒரு திருப்புளி

என் அப்பா பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்தவர். சிறுவயதில் ஒருநாள் அவருடைய ஆலைக்குப் போயிருந்தேன். நீளமான ஒரு திருப்புளியை எடுத்து, அதன் முனையை ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பேரிங் கூட்டில் வைத்தார். கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். "காய்ஞ்சு கெடக்கு, கிரீஸ் கேக்குது" என்றார். அன்று அதை ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். இயற்பியல் படித்த பிறகுதான் புரிந்தது. பேரிங்கின் ஓசை எஃகுத் தண்டின் வழியே நேராகக் காதுக்கு வந்திருக்கிறது.

செம்பனை ஆலையில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தெரியுமா? மரத்திலிருந்து வெட்டிய குலை காத்திருக்காது. அடிபட்ட பழத்துக்குள் ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அதனால் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் நீராவியில் அவிக்க முயல்வார்கள். நடுவில் ஓர் இயந்திரம் நின்றுபோனால், வாசலில் லோரிகள் வரிசையாக நிற்கும். பழத்தின் தரம் மணிக்கு மணி இறங்கும். அவசரம் அவசரமாகப் பழுதுபார்க்கும்போதுதான் ஆட்களுக்கும் அடிபடும்.

அவித்த பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் திருகு அழுத்தி இந்த ஆலையின் இதயம். அதற்குள் இரண்டு திருகுத் தண்டுகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு சுற்றுதான். ஆமை வேகம், ஆனால் பெரும் சுமை.

இங்கேதான் சிக்கல். வேகமாகச் சுழலும் மோட்டாரின் பேரிங்கில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால், உருளைகள் அதன்மேல் நொடிக்குப் பலமுறை மோதும். இயந்திரத்தின் உடலே அதிரும். சாதாரண அதிர்வு உணரி அதைப் பிடித்துவிடும். மெதுவாகச் சுழலும் பேரிங்கில் அந்த மோதல் எப்போதாவது ஒருமுறைதான் நிகழும், அதுவும் மென்மையாக. சுற்றியுள்ள மற்ற இயந்திரங்களின் ஆட்டத்தில் அது மறைந்துபோகும். ஆனால், உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் எழும் மீயொலி மறைவதில்லை. அதிர்வு உணரி இயந்திரத்தின் உடல் ஆடுவதை அளக்கிறது. ஒலி உமிழ்வு உணரி உலோகத்தின் உள்ளே எழும் முனகலைக் கேட்கிறது. அதனால்தான் மெதுவாக ஓடும் பெரிய பேரிங்குகளுக்கு இது கைகொடுக்கிறது.

காற்று என்னும் சுவர்

இப்போது ஒரு சோதனை செய்வோம். உங்கள் மேசைமேல் காதை ஒட்டிவைத்துக் கொள்ளுங்கள். நண்பர் மேசையின் மறுகோடியை நகத்தால் மெல்லச் சுரண்டட்டும். தெளிவாகக் கேட்கும். காதை ஒரு சென்டிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். சத்தம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

இதற்குக் காரணம் ஒலித்தடை. ஒரு பொருளின் அடர்த்தியை, அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கினால் வரும் மதிப்பு இது. எஃகின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 7,800 கிலோகிராம். அதில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர். பெருக்கினால் 4 கோடியே 60 லட்சம். காற்றுக்கு அடர்த்தி 1.2, வேகம் 340. பெருக்கினால் வெறும் 408. எஃகின் ஒலித்தடை காற்றைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்! இவ்வளவு வேறுபாடு உள்ள இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் ஒலி கடந்து செல்லாது, திரும்பிவிடும். எஃகிலிருந்து காற்றுக்குள் நுழையும் ஒலி ஆற்றல் ஒரு லட்சம் பங்கில் 4 பங்குகூட இல்லை.

உணரியை இயந்திரத்தின் மேல் வெறுமனே வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது ஊகிக்க முடியும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று நிற்கும். மயிரிழையைவிட மெல்லிய அந்தக் காற்றுப்படலமே சுவராகிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த உணரியாக இருந்தாலும் அது செவிடாகிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. செவிடான உணரி பிழை காட்டாது. 'எல்லாம் அமைதி' என்றுதான் காட்டும். இயந்திரம் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். திரையில் கோடு தாழ்வாக, அழகாக ஓடும். உணரி இல்லாத ஆலையில் ஒருவராவது திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுப் பார்ப்பார். செவிட்டு உணரியை நம்பிய ஆலையில் அதைக்கூட யாரும் செய்யமாட்டார்கள். அதனால்தான் இதைப் பொருத்துவது ஒரு தனிக்கலை.

படிப்படியாகப் பொருத்துவோம்

முதலில், இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மின்விசையை அணைத்து, அதைப் பூட்டி, 'வேலை நடக்கிறது' என்ற அட்டையை மாட்டிய பிறகே கை வைக்க வேண்டும். சாவி வேலை செய்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

அடுத்து, இடம். ஓசை பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். பேரிங்கில் சுமை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கக் கூடு நல்ல இடம். ஓசை வரும் வழியையும் பார்க்க வேண்டும். போல்ட் போட்ட ஒவ்வோர் இணைப்பும், ஒவ்வொரு கேஸ்கட்டும் ஒரு வாசல் மாதிரி. ஒவ்வொரு வாசலிலும் அலை கொஞ்சம் வலுவிழக்கும். மெல்லிய தகர மூடியின் மேல் உணரியை ஒட்டுவது வசதியாக இருக்கலாம். ஆனால் ஓசை அங்கு வந்து சேராது.

மூன்றாவது, பரப்பு. சாயம், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். உணரியின் அடிப்பாகம் முழுவதும் படியும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

நான்காவது, காற்றை வெளியேற்றுவது. இதற்குச் சிலிக்கோன் கிரீஸ் அல்லது பசை பயன்படும். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ச்சியான கூழ் தடவுகிறார்களே, அதே காரணம்தான். உணரியின் நடுவில் பச்சைப்பயறு அளவு கிரீஸ் வைத்து, எல்லாப் பக்கமும் விளிம்பில் பிதுங்கும் வரை அழுத்த வேண்டும். உள்ளே குமிழி நிற்கக்கூடாது. நிறைய தடவினால் நன்றாகக் கேட்கும் என்று எண்ண வேண்டாம். கிரீஸ் படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது.

ஐந்தாவது, பிடிமானம். இயந்திரம் ஓடும்போது உணரி அசையக்கூடாது. அசைந்தால், அந்த உரசலையே அது ஓசையாகப் பதிவு செய்யும். காந்தப் பிடி, இறுக்கும் பட்டை, ஒட்டும் பசை என்று இடத்துக்கேற்பப் பயன்படுத்துவார்கள். வெப்பமான இடமென்றால் சாதாரண கிரீஸ் உருகி வழிந்துவிடும்; உணரியும் தாங்காது. அப்போது ஓர் எஃகுத் தண்டின் ஒரு முனையைச் சூடான பரப்பில் பற்றவைத்து, மறுமுனையில் உணரியைப் பொருத்துவார்கள். அலை தண்டின் வழியே வந்து சேரும். இதற்கு அலைவழிகாட்டி என்று பெயர். அப்பாவின் திருப்புளி ஞாபகம் வருகிறதா? அதுவும் ஓர் அலைவழிகாட்டிதான்.

ஆறாவது, கம்பிவடம். உணரி தரும் சைகை மிகச் சிறியது. பல சமயம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே உணரிக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ ஒரு பெருக்கியை வைப்பார்கள். மோட்டாருக்குப் போகும் பெரிய மின்வடத்தோடு இந்தக் கம்பியைச் சேர்த்துக் கட்டக்கூடாது. அங்கிருந்து மின் இரைச்சல் தாவி வந்து சைகையை மூழ்கடித்துவிடும்.

பென்சில் சோதனை

எல்லாம் பொருத்தியாயிற்று. உணரிக்குக் காது கேட்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இதற்கு உலகம் முழுவதும் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் கருவி, உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கிறது. அதுதான் மெக்கானிக்கல் பென்சில்!

0.5 மில்லிமீட்டர் அல்லது 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 2எச் வகைக் கரியை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீட்டுகிறார்கள். உணரிக்கு அருகில் உலோகத்தின் மேல் அதை 30 பாகைச் சாய்வில் வைத்து அழுத்தி ஒடிக்கிறார்கள். கரி ஒடியும் அந்தக் கணத்தில், உலோகத்தின்மேல் இருந்த அழுத்தம் சட்டென்று நீங்குகிறது. ஒரு நுண்ணிய விரிசல் எழுப்பும் அலையைப் போன்ற ஓர் அலை கிளம்புகிறது. இதை உருவாக்கியவர்களின் பெயரால் ஷூ–நீல்சன் முறை என்பார்கள்.

ஏன் பென்சில்? ஒரே தடிமன், ஒரே கடினம், ஒரே நீளம், ஒரே சாய்வு என்றால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வலிமையுள்ள அலை கிடைக்கும். மூன்று முறை ஒடித்துப் பார்ப்பார்கள். மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, போதிய வலிமையோடு இருந்தால் உணரி நன்றாகப் பொருந்தியிருக்கிறது. குறைந்தாலோ, மாறி மாறி வந்தாலோ, உணரியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்த வேண்டும். சில மாதங்கள் கழித்தும் இதே சோதனையைச் செய்து, கிரீஸ் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். ஒரு துண்டுப் பென்சில் கரிதான் பெரிய இயந்திரத்துக்குக் காவல்!

கேட்பது வேறு, புரிந்துகொள்வது வேறு

உணரிக்கு ஓசை கேட்கும். அது எதன் ஓசை என்று தெரியாது. திருகு அழுத்திக்குள் செம்பனைக் கொட்டை உடைந்தாலும் மீயொலி எழும். பக்கத்துக் குழாயில் நீராவி கசிந்தாலும் எழும். கூரையிலிருந்து மழைநீர் உணரியின் மேல் சொட்டினாலும் எழும். எனவே இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் வழக்கமான ஓசையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒப்பிடும்போது, பழம் இல்லாத ஓட்டத்தைப் பழம் இல்லாத ஓட்டத்தோடும், முழுச் சுமையை முழுச் சுமையோடும் ஒப்பிட வேண்டும். அறிவியல் சோதனையில் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படிக்கிறீர்களே, அதேதான்.

ஒருநாள் ஓசை கூடினால் உடனே பேரிங்கைக் கழற்றிவிட மாட்டார்கள். வாரக்கணக்கில் கோடு எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். கிரீஸ் ஏற்றியதும் ஓசை தாழ்ந்து அப்படியே இருந்தால், உராய்வுதான் காரணம். சிறிது நேரத்திலேயே மீண்டும் ஏறினால், பேரிங்கே தேய்ந்திருக்கலாம். அப்போது, பழம் குறைவாக வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, நிதானமாக மாற்றலாம்.

இரண்டு உணரிகள் இருந்தால் ஓசை பிறந்த இடத்தையும் கண்டுபிடிக்கலாம். ஒரு கணக்கு பாருங்கள். 3 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டின் இரு முனைகளிலும் ஓர் உணரி இருக்கிறது. அலையின் வேகம் நொடிக்கு 5,000 மீட்டர் என்று கொள்வோம். 'அ' உணரிக்கு ஓசை எட்டி, 0.0002 நொடி கழித்து 'ஆ' உணரிக்கு எட்டுகிறது. அந்த நேரத்தில் அலை கடக்கும் தூரம் 5,000 × 0.0002 = 1 மீட்டர். அதாவது, ஓசை பிறந்த இடம் 'ஆ'வைவிட 'அ'வுக்கு 1 மீட்டர் அருகில் இருக்கிறது. மொத்தம் 3 மீட்டர் என்பதால், அது 'அ'விலிருந்து 1 மீட்டரில், 'ஆ'விலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது. தண்டை வெட்டிப் பார்க்காமலேயே விரிசலின் முகவரி கிடைத்துவிட்டது.

அப்பாவின் காது

இன்று என் அப்பாவுக்குக் கொசுவின் ரீங்காரம் கேட்பதில்லை. பேரக்குழந்தையின் மெல்லிய குரலும் சரியாகக் கேட்பதில்லை. பல ஆண்டுகள் ஆலையின் பேரிரைச்சலில் நின்றதன் விளைவு. இரைச்சலால் ஏற்படும் பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளையே தாக்கும். போன செவித்திறன் திரும்பாது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒருவர் 8 மணி நேர வேலையில் எதிர்கொள்ளும் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. அப்பா வேலை செய்த காலத்தில் பலர் காதடைப்பான்கூட இல்லாமல் நின்றார்கள். இயந்திரங்களின் நோயைக் கேட்டுச் சொன்ன காதுகள் அவை.

சுழலும் இயந்திரத்தின் அருகே தலையைக் கொண்டுபோக வேண்டிய தேவை இனி இல்லை. உணரி அந்த இடத்தில் இரவும் பகலும் நிற்கும். ஆனால், அதை எங்கே வைப்பது, எந்த ஓசை கொட்டை உடைவது, எந்த ஓசை பேரிங் தேய்வது என்று முடிவு செய்ய, இயந்திரத்தை அறிந்த ஒருவர் வேண்டும். நாளை அவர் நீங்களாக இருக்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரு மெக்கானிக்கல் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் மேசையின் மறுகோடியில் கரியை 3 மில்லிமீட்டர் நீட்டிச் சாய்வாக அழுத்தி ஒடிக்கட்டும். துண்டு தெறிக்கும் என்பதால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முதலில் மேசையில் காதை ஒட்டிவைத்துக் கேளுங்கள். அடுத்து, காதுக்கும் மேசைக்கும் நடுவே மடித்த துண்டை வைத்துக் கேளுங்கள். கடைசியாக, இரண்டு மேசைகளை நெருக்கிப் போட்டு, ஒன்றில் ஒடித்து மற்றொன்றில் கேளுங்கள். எதில் ஓசை குறைகிறது? ஏன்? படிவம் 4 இயற்பியலில் 'அலைகள்' பாடம் படிக்கும்போது இந்தக் கேள்வியை உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.